நீல வைரம் எதைச் சொல்கிறது? அபாய லேபிள், பலகை நிறங்களைப் படிப்பது பற்றி

கிடங்கு_கதிர்:

கிடங்குச் சுவரில் நான்கு நிறம் போட்ட வைர வடிவம். டிரம்மில் சிவப்பு விளிம்புக்குள் வெள்ளை வைரம். வாசலில் நிற்கும் டேங்கரில் முழுக்க ஒரே நிறத்தில் பெரிய வைரம். சுவரில் உள்ள நீலம் உடல்நலக் கேடாம். வண்டியில் உள்ள நீலம் தண்ணீர் படக்கூடாது என்பதாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு "இந்த நிறம், இந்த அபாயம்" என்று ஒரே அட்டவணை போட்டு ஒட்டப் பார்க்கிறேன். நீலத்துக்கு எதிரே என்ன எழுதுவது? மஞ்சளுக்கும் இதே குழப்பம்தான்.

வேதிப்பொறி:

கதிர், அந்த அட்டவணையைப் போடவே போடாதீர்கள். இரண்டு நீலமும் சரி. ஆனால் அவை வேறு வேறு முறைகள். நிறத்தைப் படிக்கும் முன் எந்த முறை என்று வடிவத்தை வைத்துப் பிடிக்க வேண்டும்.

வைரத்துக்குள் நான்கு நிறக் கட்டம், எண்கள் இருந்தால் அது என்.எஃப்.பி.ஏ. 704, அதாவது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 704ஆம் தரம். இடது நீலம் உடல்நலம், மேலே சிவப்பு தீ, வலது மஞ்சள் நிலையின்மை, கீழே வெள்ளை சிறப்புக் குறி. எண் 0 முதல் 4 வரை, 4தான் மிக மோசம். கட்டடத்துக்கும் நிலையான தொட்டிக்கும் உரியது இது. தீயணைப்பு வீரர் வாசலில் நின்றபடி படிப்பதற்காக வந்தது.

சிவப்பு விளிம்பு, வெள்ளைப் பின்னணி, கறுப்புப் படம் என்றால் ஜி.எச்.எஸ்., அதாவது ஐ.நா. 2003இல் வெளியிட்ட உலகளாவிய லேபிள் முறை. இதில் பின்னணி நிறத்துக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. ஒன்பது படங்கள்தான் பேசும்.

வைரம் முழுக்க நிறம் நிரம்பி, கீழ் மூலையில் வகுப்பு எண் இருந்தால் அது போக்குவரத்து லேபிள். பொட்டலத்தில் ஒட்டும்போது 100 மி.மீ. சதுரம், வண்டியிலும் கன்டெய்னரிலும் மாட்டும்போது 250 மி.மீ.

இனி நீலத்தைப் பாருங்கள். 704இல் உடல்நலம், போக்குவரத்தில் 4.3 வகுப்பு, அதாவது தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயு விடுகிற பொருள். மஞ்சள் 704இல் நிலையின்மை, போக்குவரத்தில் 5.1, ஆக்ஸிஜனேற்றி, அதாவது மற்றவை எரிய உதவும் பொருள். வெள்ளை 704இல் சிறப்புக் குறி, போக்குவரத்தில் 6.1 நச்சு. இந்த இரண்டிலும் ஒரே பொருள் தருவது சிவப்பு மட்டும்தான், அது தீ. ஜி.எச்.எஸ்.ஸின் சிவப்பு விளிம்பு அப்படியல்ல, எல்லாப் படத்துக்கும் அதே விளிம்புதான்.

லேபிள்_ராணி:

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சில தொழிற்சாலைகளில் டிரம்மில் பட்டை பட்டையாக நிறம் போட்ட செவ்வக லேபிள் இருக்கும். அது எச்.எம்.ஐ.எஸ்., அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக வந்த லேபிள் முறை. மேலிருந்து நீலம், சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை. பழைய பதிப்பில் ஆரஞ்சு இருந்த இடத்தில் மஞ்சள். வெள்ளைப் பட்டையில் வருகிற எழுத்து என்ன கையுறை, என்ன முகக்கவசம் என்று சொல்லும் குறி. 704இன் வெள்ளைக் கட்டத்தில் வருகிற எழுத்தோ பொருளின் தன்மையைச் சொல்வது. குறுக்குக் கோடு போட்ட டபிள்யூ என்றால் தண்ணீரோடு வினைபுரியும், ஓ.எக்ஸ். என்றால் ஆக்ஸிஜனேற்றி, எஸ்.ஏ. என்றால் மூச்சடைக்கும் வாயு.

கிடங்கு_கதிர்:

ராணி மேடம், வேதிப்பொறி சார், நன்றி. சுவர் வைரத்துக்கான எண்களை டிரம் லேபிளிலிருந்தே எடுத்து எழுதிவிடலாமா? பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் "வகை 2" என்று போட்டிருக்கிறதே.

வேதிப்பொறி:

கூடாது. இந்த இழையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இரண்டு எண் வரிசையும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. 704இல் 4 மோசம். ஜி.எச்.எஸ்.ஸில் வகை 1 மோசம், எண் ஏற ஏற அபாயம் குறையும்.

இரண்டு திரவங்களை வைத்துச் சொல்கிறேன். டைஎதில் ஈதரின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றுகிற மிகக் குறைந்த வெப்பநிலை, சுமார் மைனஸ் 45 டிகிரி செல்சியஸ், கொதிநிலை 34.6. அசிட்டோனுக்கு ஃபிளாஷ் பாயின்ட் சுமார் மைனஸ் 20, கொதிநிலை 56. ஃபிளாஷ் பாயின்ட் 22.8க்குக் கீழ், கொதிநிலையும் 37.8க்குக் கீழ் என்றால் 704இன் சிவப்பில் 4. ஆகவே ஈதருக்கு 4. அசிட்டோனின் கொதிநிலை அதைத் தாண்டுவதால் 3. ஜி.எச்.எஸ்.ஸில் கொதிநிலைக்கு எல்லை 35. ஈதர் அதற்குக் கீழ் என்பதால் வகை 1, அசிட்டோன் வகை 2. டிரம்மின் தாளில் இருக்கிற "1"ஐ அப்படியே சுவரின் சிவப்புக் கட்டத்தில் எழுதினால், கிடங்கிலேயே அதிகம் தீப்பற்றும் திரவத்தை "சூடாக்கினால் ஒழியப் பற்றாது" என்று தீயணைப்பு வீரருக்கு நாமே சொன்னதாகிவிடும். 704இல் 1 என்றால் ஃபிளாஷ் பாயின்ட் 93.4க்கு மேல்.

704 எண்ணைத் தரவுத் தாளில் தயாரிப்பாளரே கொடுத்திருந்தால் அதைப் போடுங்கள். பெரும்பாலும் 2, 5 அல்லது 16ஆம் பிரிவில் இருக்கும். இல்லாவிட்டால் 9ஆம் பிரிவின் ஃபிளாஷ் பாயின்ட், கொதிநிலையை வைத்து 704இன் வரையறைப்படி கணக்கிடுங்கள்.

ஒரே அறையில் பல பொருள் இருந்தால் பொதுவான வழி, ஒவ்வொரு நிறத்திலும் உள்ள மிகப் பெரிய எண்ணை எடுத்து ஒரே வைரமாகப் போடுவது. பொருள் குறைவென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி வைரம். வாசலில் கூட்டு வைரம், உள்ளே ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வைரம் என்பதுதான் பெரிய இடத்துக்கு என் தேர்வு.

நச்சியல்_நிலா:

704இன் நீலத்தைத் தினசரி வேலைக்கான வழிகாட்டியாக எடுத்துக்கொள்வதும் தவறு. விபத்து நேரத்தில், குறுகிய நேரம் பட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த எண். பென்சீனுக்கு நீலத்தில் 2தான். பார்த்தால் நடுத்தரம் போலத் தெரியும். அதே பென்சீனின் ஜி.எச்.எஸ். லேபிளில் மார்பில் நட்சத்திர வெடிப்பு உள்ள மனித உருவம் இருக்கும், "புற்றுநோய் உண்டாக்கலாம்" என்ற வாசகமும் இருக்கும். வருடக்கணக்கில் அதோடு வேலை செய்பவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது செய்தி.

படம் இல்லை என்பதால் அபாயம் இல்லை என்றும் எண்ண வேண்டாம். ஃபிளாஷ் பாயின்ட் 60க்கு மேல் 93 வரை உள்ள திரவங்கள் ஜி.எச்.எஸ்.ஸில் வகை 4. அவற்றுக்குச் சுடர்ப் படமே கிடையாது, "எச்சரிக்கை" என்ற சொல்லும் "எரியக்கூடிய திரவம்" என்ற வரியும் மட்டும்தான். படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் படித்தாக வேண்டும். "அபாயம்" என்ற சொல் கடுமையானது, "எச்சரிக்கை" அதற்கு ஒரு படி கீழே. எச் என்று தொடங்கும் குறியீட்டில் முதல் எண்ணாக 2 வந்தால் தீ, வெடிப்பு போன்றவை. 3 வந்தால் உடல்நலம், 4 வந்தால் சுற்றுச்சூழல்.

சுடர்ப்_பாதுகாவலன்:

பச்சை பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு மிகவும் கவலை தருகிற நிறம் அதுதான். பச்சை என்றால் பயமில்லை என்று மனதில் பதிந்துவிட்டது. போக்குவரத்தில் பச்சை வைரம் 2.2 வகுப்பு, தீப்பற்றாத, நச்சில்லாத வாயு. நைட்ரஜன், ஆர்கான், ஹீலியம், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் இதில்தான். தீயும் இல்லை, நச்சும் இல்லை, ஆனால் மூச்சுக் காற்றை வெளியே தள்ளிவிடும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே குறைபாடு என்று கணக்கு. நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. இருமலோ எரிச்சலோ வராது, திணறுகிற உணர்வுகூட வராது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். தூக்கப் போகிறவரும் பக்கத்திலேயே விழுவார். பச்சை வைரம் உள்ள சிலிண்டரோ திரவக் குடுவையோ மூடிய அறையில் இருந்தால் ஆக்ஸிஜன் அளவுமானி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

ஆக்ஸிஜன் சிலிண்டரிலும் முதல் வைரம் பச்சைதான். பக்கத்தில் மஞ்சள் 5.1 ஒன்று சேர்ந்திருக்கும். அந்த இரண்டாவது வைரத்தைப் பார்க்காமல் விட்டால், வால்வில் எண்ணெயோ கிரீஸோ தடவலாம் என்று ஒருவர் நினைத்துவிடுவார். அழுத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

கிடங்கு_கதிர்:

சிலிண்டரின் வண்ணத்தையே வைத்து வாயுவைச் சொல்லலாமே?

சுடர்ப்_பாதுகாவலன்:

சொல்லக்கூடாது. ஐரோப்பியத் தரமான இ.என். 1089-3இல் ஆக்ஸிஜனுக்கு வெள்ளைத் தோள், நைட்ரஜனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்குச் சிவப்பு. அமெரிக்காவில் ஆக்ஸிஜனுக்குப் பச்சை. சிலிண்டர் கடல் தாண்டிப் போகிறது, மறுபடி பெயின்ட் அடிக்கப்படுகிறது. தோளில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள பெயரும் யு.என். எண்ணும் (அபாயப் பொருளுக்கு ஐ.நா. தரும் நான்கு இலக்க எண்) தான் சான்று. வண்ணம் தூரத்தில் இருந்து ஒரு குறிப்புத் தரும், அவ்வளவுதான். லேபிளும் வண்ணமும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தச் சிலிண்டரை இணைக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

டேங்கர்_வாசு:

சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாத கண்ணுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழ் மூலை எண் உதவும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 2.1, 2.2, 2.3 மூன்று வைரத்திலும் கீழே "2" மட்டும்தான் இருக்கும். நான்காம் வகுப்பு மூன்றுக்கும் வெறும் "4". ஐந்தாம் வகுப்பில் மட்டும்தான் 5.1, 5.2 என்று முழுதாக வரும். ஆகவே எரிவாயுவையும் நைட்ரஜனையும் பிரித்துக் காட்டுவது மேலே உள்ள படம் ஒன்றுதான். சுடர் என்றால் 2.1, சிலிண்டர் உருவம் என்றால் 2.2. சுடருக்கு அடியில் வட்டம் இருந்தால் அது ஆக்ஸிஜனேற்றி, வேறு அபாயம். வெயிலில் சிவப்பு வெளுத்து ஆரஞ்சு மாதிரி ஆகிவிடும், முதல் வகுப்பு வெடிபொருளின் நிறமும் ஆரஞ்சு. அப்போதும் படம்தான் துணை. ஒன்பதாம் வகுப்பில் 9க்கு அடியில் கோடு இருக்கும், தலைகீழாகப் பார்த்து 6 என்று படித்துவிடாமல் இருப்பதற்கு.

டேங்கரில் வைரத்தைவிட அதிகம் சொல்வது ஆரஞ்சுப் பலகை. அபாயப் பொருளைச் சாலையில் கொண்டுபோவதற்கான ஐரோப்பிய ஏ.டி.ஆர். விதிப்படி அது 400க்கு 300 மி.மீ., எண்கள் 100 மி.மீ. உயரம், 15 நிமிடம் தீயில் இருந்தாலும் படிக்கும்படி இருக்க வேண்டும். கீழ்வரி யு.என். எண். மேல்வரி அபாய எண். 33/1203 என்றால் பெட்ரோல். 3 திரவத் தீ, இரண்டு முறை வந்தால் தீவிரம். 30/1202 டீசல், ஒரு 3தான், 0 என்றால் சேர்ந்து வரும் வேறு அபாயம் இல்லை. 80/1830 அடர் கந்தக அமிலம். 268/1005 அம்மோனியா, 2 வாயு, 6 நச்சு, 8 அரிப்பு. முன்னால் எக்ஸ் இருந்தால் தண்ணீரோடு ஆபத்தாக வினைபுரியும். சோடியத்துக்கு எக்ஸ் 423/1428. எக்ஸைக் கண்டால் குழாயைத் திறக்காதீர்கள், துறை வல்லுநர் சொன்னால் ஒழிய.

எண்ணே இல்லாத வெற்று ஆரஞ்சுப் பலகை என்றால், பொட்டலமாகப் பல பொருள் உள்ளே இருக்கலாம்.

வேதிப்பொறி:

வாசு, பல அறை உள்ள டேங்கரைப் பற்றியும் சொல்லுங்கள்.

டேங்கர்_வாசு:

ஆமாம் சார். பெட்ரோலும் டீசலும் தனித்தனி அறையில் ஏற்றிப் போகும்போது, முன்னும் பின்னும் அதிக அபாயமான பொருளின் எண்ணை மட்டும் போட ஏ.டி.ஆர். அனுமதிக்கிறது. ஆகவே 33/1203 என்று இருந்தால் "டீசல் இல்லை" என்று அர்த்தமில்லை.

நுரை விஷயமும் இதோடு சேர்ந்தது. பெட்ரோல், அசிட்டோன், எத்தனால் மூன்றுக்கும் ஒரே சிவப்பு வைரம், ஒரே 3. ஆனால் அசிட்டோனும் எத்தனாலும் தண்ணீரில் கலப்பவை, சாதாரண நுரையின் தண்ணீரை உறிஞ்சி அதன் படலத்தைக் கரைத்துவிடும். அதற்கு ஆல்கஹால் தாங்கும் நுரை வேண்டும். வைரத்தைப் பார்த்து இது தெரியவே தெரியாது. யு.என். எண்ணைத்தான் பார்க்க வேண்டும்: 1090 அசிட்டோன், 1170 எத்தனால், 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 3475. வட அமெரிக்க அவசரகாலக் கையேட்டில் அசிட்டோன் வழிகாட்டி 127, பெட்ரோல் 128 என்று பிரித்திருப்பது இதனால்தான்.

நச்சியல்_நிலா:

வைரம் சொல்லாத இன்னொரு விஷயம் எட்டாம் வகுப்பில் உண்டு. மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி கறுப்பு, இரண்டு குழாயிலிருந்து திரவம் கையிலும் உலோகத்திலும் விழும் படம். அமிலமும் காரமும் இரண்டுமே இதே லேபிள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1789, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 1824, ஹைப்போகுளோரைட் கரைசல் 1791. மூன்று டிரம்மும் தூரத்தில் இருந்து பார்த்தால் அச்சு அசலாக ஒன்றுதான். "ஒரே லேபிள், ஒரே இடத்தில் வைக்கலாம்" என்று அடுக்கினால், அமில டிரம் கசிந்து பக்கத்து ஹைப்போகுளோரைட்டில் கலந்த அடுத்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். 1789ஐ 1824ஓடு கலந்தால் கொதித்துத் தெறிக்கும். எட்டாம் வகுப்பை அடுக்கும்போது யு.என். எண்ணைப் பார்த்து அமிலம் ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம், ஹைப்போகுளோரைட் இரண்டிலிருந்தும் தள்ளி. கீழே தனித்தனிக் கசிவுத் தட்டு. ஒரே தட்டில் இரண்டையும் வைத்துவிட்டு நடுவில் இடைவெளி விட்டால் பிரித்ததாகாது.

மஞ்சள் 5.1 கொட்டினால் மரத்தூளை அள்ளிப் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அதை நிறுத்த வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடோ நைட்ரேட்டோ மரத்தூளோடு சேர்ந்தால் அதுவே எரிபொருள் கலவை. மணல் போன்ற எரியாத பொருள் மட்டும்தான். தீ வந்தால் போர்வை போட்டு மூடி அணைக்க முடியாது, ஆக்ஸிஜனை அது தானே கொடுத்துக்கொள்கிறது. ஏராளமான தண்ணீர்தான் வழி. நீலம் 4.3க்கு நேர் எதிர், தண்ணீரும் கூடாது, நுரையும் கூடாது.

அணுக்கரு_அன்பு:

ஏழாம் வகுப்பான கதிரியக்கப் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. மூவிலைக் குறி, அதன் கீழே சிவப்புக் கோடுகள். ஒரு கோடு முழு வெள்ளை, பொட்டலத்தின் மேற்பரப்பில் கதிர்வீச்சு மணிக்கு 0.005 மில்லிசீவர்ட் வரை. இரண்டு கோடு மேல் பாதி மஞ்சள், 0.5 வரை. மூன்று கோடு அதே மஞ்சள், 2 வரை. மஞ்சள் லேபிள்களில் ஒரு பெட்டி வரைந்து போக்குவரத்துக் குறியெண் எழுதியிருப்பார்கள். அதை நூறால் வகுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் என்று வரும். குறியெண் 1 என்றால் 0.01. இரண்டு கோட்டுக்கும் மூன்று கோட்டுக்கும் நிறம் ஒன்றே என்பதால் இங்கும் கோட்டை எண்ண வேண்டும்.

கிடங்கு_கதிர்:

காலி டிரம்மில் லேபிளைக் கிழித்துவிடலாமா? வேறு கேனில் ஊற்றும்போது என்ன ஒட்டுவது?

லேபிள்_ராணி:

கழுவி, ஆவி போக்கப்படாத காலி டிரம்முக்கு நிரம்பிய டிரம்மின் லேபிள்தான். வண்டிக்கும் அப்படியே, சுத்தம் செய்யும் வரை பலகை இறங்கக்கூடாது. தீப்பற்றும் திரவத்தில் காலி டிரம்தான் மோசம். நிரம்பியதில் ஆவிக்கு இடமில்லை. காலியில் ஆவியும் காற்றும் வெடிக்கிற விகிதத்தில் கலந்திருக்கும். அதை அறுத்தாலோ வெல்டிங் வைத்தாலோ வெடிக்கும்.

மாற்றி ஊற்றிய கேனுக்குப் பொருளின் பெயர், அபாயப் படம், "அபாயம்" அல்லது "எச்சரிக்கை", முக்கிய வாசகம் இவ்வளவாவது வேண்டும். மூடியில் ஒட்டாதீர்கள், மூடி இடம் மாறும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றவே கூடாது, லேபிள் ஒட்டினாலும் கூடாது.

அச்சில் மூன்று இடத்தில் தவறு நடக்கும். முதலாவது ரிப்பன். மெழுகு ரிப்பனில் அடித்த எழுத்து ஒரு சொட்டு அசிட்டோனில் கரைந்து ஓடும், ரெசின் ரிப்பன் வேண்டும். நேரடி வெப்பத் தாள் வெயிலில் கறுத்துவிடும், அதை ரசாயனத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். இரண்டாவது தாள். காகிதம் ஈரத்தில் உரியும், பாலிஎதிலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் படலம் எடுங்கள். கடல்வழி போனால் மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாவது, முன்கூட்டியே சிவப்பு வைரம் அச்சிட்ட தாள். நான்கு வைரம் உள்ள தாளில் இரண்டு படம்தான் தேவை என்றால் மீதி இரண்டு வெறும் சிவப்பு விளிம்பாக நிற்கும். "படம் அச்சாகவில்லையோ" என்று பார்ப்பவர் குழம்புவார். அமெரிக்க விதி அதைத் தடை செய்கிறது. தேவையான எண்ணிக்கையில் வைரம் உள்ள தாளையே வாங்குங்கள்.

அளவுக்கு ஐரோப்பிய விதி நல்ல வழிகாட்டி. 3 லிட்டர் வரை முடிந்தால் 52க்கு 74 மி.மீ., 50 லிட்டர் வரை 74க்கு 105, 500 லிட்டர் வரை 105க்கு 148. கடைசி அளவில் ஒவ்வொரு படமும் 32 மி.மீ. பக்கம்.

கிடங்கு_கதிர்:

அப்படியென்றால் ஒட்டப்போவது நிற அட்டவணை அல்ல. மூன்று வடிவத்தின் படம், ஒவ்வொன்றுக்கும் கீழே "எண் எப்படிப் படிப்பது", அதன் கீழே யு.என். எண் பார்க்கும் இடம். பலகை தெரிகிறது, பொருள் என்னவென்றே தெரியவில்லை என்றால் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்றும் எழுதலாமா?

டேங்கர்_வாசு:

எழுதுங்கள் கதிர். தெரியாத பொருளுக்கு வட அமெரிக்க அவசரகாலக் கையேட்டின் வழிகாட்டி 111, எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர். டேங்கர் தீயில் மாட்டியிருந்தால் 800 மீட்டர். எரிவாயு டேங்கர் என்று தெரிந்தால் வழிகாட்டி 115, 1,600 மீட்டர். காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம், மேடான பக்கம். எண் படிக்கக் கிட்டே போகாதீர்கள், கிடங்கு வாசலில் ஒரு பைனாகுலர் மாட்டி வையுங்கள். செல்போன் கேமராவைப் பெரிதாக்கினால் 100 மீட்டரில் 3ஐ 8 என்று காட்டிவிடும். அப்போது 30/1202 என்பது 80/1202 ஆகிவிடும். கீழே 1202 என்று டீசலும் மேலே 8 என்று அரிப்பும் பொருந்தவில்லை என்று தெரிந்தால், தப்பாகப் படித்திருக்கிறோம் என்று அங்கேயே பிடித்துவிடலாம். அதனால்தான் தொலைபேசியில் சொல்லும்போது இரண்டு வரியையும், வைரத்தின் நிறத்தையும், படத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.